சர்க்கரையின் இரண்டு ரேசர்கள்

தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் சர்க்கரை. நோயால் வந்த பெயரல்ல. தேநீரில்கூட அரைக் கரண்டிக்கு மேல் போட மாட்டார். புதிதாகத் தொடங்கி மாதம் ஒருமுறை நடக்கும் முகமூடிச் சோதனையில், பதினெட்டுப் பேர் வேலை செய்யும் அந்தக் கூடத்தில், "இனிக்குது" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல் பலகைகளை அறுப்பது அங்கே வேலை. பாத்திரம் கழுவும் தொட்டி உட்காரும் ஓட்டையை வெட்டுவது சர்க்கரையின் பங்கு. பென்சில் கோட்டின் மேல் கிரைண்டரைச் சாய்த்துப் பிடித்து, நான்கு மூலையிலும் வளைவு பிசகாமல் கொண்டுவருவார். பதினோரு வருடமாக அவர் வெட்டிய ஓட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கல்லிலிருந்து கிளம்பும் தூசி மாவைவிட நுண்மையானது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடு நின்றுவிடும். தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொண்டு, அப்புறம் எழுந்திருக்காது. சர்க்கரைக்கு முன்னால் அதே மேசையில் நின்றவருக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுகிறார்.

இதைத் தடுக்க வழி தெரியாத காலமா இது? அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டால் தூசி சேறாகிக் கீழே விழுந்துவிடும். தலை முழுவதையும் மூடி, சுத்தமான காற்றை உள்ளே தள்ளும் கவசமும் உண்டு; அதற்குத் தாடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தண்ணீர் விட்டால் தரை நனைந்து வேலை தாமதமாகிறது என்று குழாயை அடைத்தார்கள். கவசத்தை வாங்கவே இல்லை. ஆளுக்கொரு ரப்பர் முகமூடியைக் கொடுத்துவிட்டு, மீதிப் பொறுப்பைத் தொழிலாளியின் கன்னத்தில் ஏற்றிவிட்டார்கள். தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு முடி முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் ரப்பர் ஒட்டாது.

ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. முகமூடி போட்ட ஆளின் தலைமேல் பாதுகாப்பு அதிகாரி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்ப்பார். அதிலுள்ள துளை வழியே இனிப்புக் கரைசலைப் பனிபோலப் பீய்ச்சுவார். முகமூடி சரியாகப் பொருந்தியிருந்தால் ஒன்றும் தெரியாது. இடுக்கு இருந்தால் நாக்கில் இனிக்கும். "இனிக்குதா?" என்று கேட்பார். "இனிக்கல" என்பவர் மேசைக்குத் திரும்பலாம். "இனிக்குது" என்பவருக்கு ஒரு குறி. மூன்று குறி விழுந்தால், முகம் பொருந்தாதவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சர்க்கரைக்கு இரண்டு குறி விழுந்திருந்தது. அடுத்த சோதனைக்குப் பதினாறு நாள் இருந்தது.

தப்பு தன் முகத்தில்தான் என்று அவர் நம்பினார். அவருடைய தாடி சுருட்டை முடி. ஐந்து பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேசரால் ஒட்டச் சிரைத்தால், வெட்டுப்பட்ட முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளரும். தாடை முழுக்கச் சிவப்புக் கட்டிகள். சில பழுத்து உடையும். அதன் மேல் ரப்பரை இறுக்கிக்கொண்டு நாள் முழுக்க வியர்ப்பார். சவரத்தை விட முடியாது, செய்யவும் முடியாது. சிலருக்கு முகராசி அப்படி என்றார் மேஸ்திரி. இத்தனை வருடம் கல்லோடு புழங்கிய மேஸ்திரி வாயிலிருந்து வருகிற பேச்சா அது? முகத்துக்கு ராசியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது.

சர்க்கரை தன் மைத்துனரிடம் போனார். மனைவியின் தம்பி, முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த மைத்துனர் உதட்டைப் பிதுக்கினார்.

"மாமா, இது தாடையா, குண்டு விழுந்த ரோடா?"

பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு ரேசர்களை எடுத்து வைத்தார். யாரோ வியாபாரி மாதிரிக்குத் தந்துவிட்டுப் போனவை. இரண்டும் துருப்பிடிக்காத எஃகு, ஒரு பிளேடு போடுகிற வகை. இரண்டுக்கும் பிடியில் ஒரே மாதிரிச் சொரசொரப்பு. எடையும் கையில் வித்தியாசம் தெரியாத அளவுதான். ஒன்றின் கீழ்த்தட்டு விளிம்பு நேராக இருந்தது. மற்றதன் விளிம்பில் சீப்பு போலப் பற்கள்.

"பிளேடுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துதான் மாமா எல்லாமே. இதுல சந்து கம்மி. தோலைத் தொடாது, ஆனா முள்ளைக் கொஞ்சம் விட்டுட்டுப் போயிடும். இவன் சாது. பல்லு வச்சவன் முரடன். ஒட்டச் செரைப்பான். கை கொஞ்சம் அழுத்திச்சோ, தோலையும் சேர்த்துச் செரைப்பான்."

எது தனக்குச் சரி என்று சர்க்கரை கேட்டார். மைத்துனர் சிரித்தார். அதைச் சொல்ல வேண்டியது நானில்லை, உங்க கன்னம் என்றார்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் சர்க்கரை. ஆனால் அடுத்து அவர் செய்த காரியம் படித்தவர்கள் பலருக்குத் தோன்றாதது. ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று மாற்றினால் நாளுக்கு நாள் வியர்வை வேறு, வேலை வேறு, ஒன்றும் புரியாது. அதனால் முகத்தை இரண்டாகப் பிரித்தார். முதல் வாரம் இடக் கன்னத்துக்கு முரடன், வலக் கன்னத்துக்குச் சாது. அடுத்த வாரம் இடம் மாற்றுவது. ஒரே சோப்பு, ஒரே வெந்நீர், ஒரே உறையிலிருந்து எடுத்த பிளேடுகள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டார்: வழவழப்பு, ரத்தம், கட்டி. முகமூடிதானே கடைசியில் பேசப்போகிறது என்று நான்காவதாகத் தூசி என்றும் ஒரு கட்டம்.

வழவழப்புக்கு நீதிபதி அவர் மனைவி. காலையில் குளியலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, இரண்டு கன்னத்திலும் ஒரு துணுக்குப் பஞ்சை இழுத்துப் பார்ப்பார். முள் இருந்தால் பஞ்சு மாட்டும்.

"எந்தப் பக்கம் எதுன்னு சொல்லாதீங்க. தெரிஞ்சா எனக்கு மனசு ஒருபக்கம் சாயும்."

இந்த நேர்மை அந்தத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கால்வாசி இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் நாள் இடப்பக்கத்தில் மூன்று இடத்தில் ரத்தம். இரண்டாம் நாள் கையை அழுத்தாமல் ரேசரின் கனத்தையே வேலை செய்யவிட்டார்; ஒரு இடம். முள் அறுபடும் சத்தம் சரசரவென்று கேட்கும்வரை பிடியைச் சாய்க்கக் கற்றுக்கொண்டார். நான்காம் நாள் பஞ்சு இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. வலப்பக்கம் ரத்தமே இல்லை. தாடைக்குக் கீழே மட்டும் பஞ்சு மாட்டியது.

தூசிக் கட்டம்தான் புரியவில்லை. சாயங்காலம் முகமூடியைக் கழற்றி உள்விளிம்பைக் கறுப்புத் துணியால் துடைப்பார். வெள்ளைக் கோடு விழுந்தது இடப்பக்கத் தாடையில். பஞ்சு வழுக்கிய பக்கத்தில்! முள் மிச்சமிருந்த வலப்பக்கத் துணியோ சுத்தமாக இருந்தது. எழுதும்போது பக்கத்தை மாற்றிவிட்டோமா என்று இரண்டு நாள் தன்னையே சந்தேகப்பட்டார்.

இரண்டாம் வாரம் ரேசர்கள் கன்னம் மாறின. தூசி மாறவில்லை. அதே இடத் தாடை, அதே கோடு, அதே நீளம்.

அன்று உணவு இடைவேளையில் முகமூடியைத் திருப்பிப் பிடித்து, இடப்பக்க விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கினார். வலப்பக்கத்து ரப்பர் அமுக்கினால் எழும்பியது. இது அமுங்கிய இடத்திலேயே கிடந்தது. காய்ந்து, லேசாக அலைபோல வளைந்திருந்தது. வேறு முகமூடி கேட்டுச் சாமான் அறைக்குப் போனார். அங்கிருந்தவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உடைந்த பலகைகளுக்கு அடியில் வருடக்கணக்காக நசுங்கிக் கிடந்த பெட்டி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே பக்கம், அதே வளைவு.

"எல்லாம் ஒரு தாய் புள்ளைங்கதான்" என்றார் சாமான் அறைக்காரர், ஏதோ நகைச்சுவை சொன்னதுபோல.

அப்படியானால் மற்றப் பதினேழு பேருக்கும் ஏன் இனிக்கவில்லை?

அடுத்த மேசையில் விளிம்பு பாலிஷ் போடுபவருக்கு மொழுமொழு என்று பெயர். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. முகத்தில் மட்டும் ஒரு முடி முளைத்ததில்லை. ரேசர் வாங்கத் தெரியாத ஆள் என்று கூடமே கேலி செய்யும். தாடியே இல்லாத முகத்தில் முகமூடி பொருந்தாமல் போக வாய்ப்பில்லை. சர்க்கரை அவரைத் தேநீர் நேரத்தில் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. உனக்கு இனிக்குதா?"

மொழுமொழு கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதல் சோதனையில இருந்தே இனிக்குதுண்ணே. எல்லாருக்கும்தான்."

"பின்ன ஏன் யாரும் வாயத் தொறக்கல?"

"தொறந்தா என்ன ஆகும்னு உங்களப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம்."

சர்க்கரை மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி அலுவலகத்துக்குச் சொன்னதாகச் சொன்னார். அலுவலகம் ஒன்றும் சொல்லவில்லை. சோதனைக்கு முந்தின நாளும் வந்துவிட்டது.

வீட்டில் மனைவி சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் பேசினார். இந்த வயதில் இன்னொரு இடத்தில் யார் சேர்ப்பார்கள், கல்லை விட்டால் கைக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்டார். அவர் நுரையீரலை நினைத்துத் தனக்கும் பயம்தான் என்றார். அப்புறம்தான் அதைச் சொன்னார்.

"ரெண்டு வார்த்தைக்கும் வால் மட்டும்தாங்க வேற. இனிக்குது, இனிக்கல. அந்த வாலை மட்டும் மாத்திச் சொல்லிடுங்க. அதுக்குள்ள வேற வேலை பார்ப்போம்."

சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார் சர்க்கரை. மறுநாள் காலை முகம் முழுக்க முரடனால் சிரைத்தார். தாடியைக் காரணம் காட்ட ஒரு முள்ளும் மிச்சம் இருக்கக் கூடாது. நுரைக்கு நடுவே வாயைத் திறந்து, கண்ணாடியைப் பார்த்து "இனிக்கல" என்று நான்கு தரம் சொல்லிப் பழகினார். நாலாவது தரம் நம்பும்படி இருந்தது.

கூடத்தில் வரிசை நின்றது. அவருக்கு முன்னால் ஒன்பது பேர் ஒருவர் பின் ஒருவராக இனிக்கல என்றார்கள். சௌக்கியமா என்ற கேள்விக்குத் தலையாட்டுவதுபோலச் சொன்னார்கள். சர்க்கரை முகமூடியை மாட்டும் முன் அதிகாரி அவர் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம். இப்படித்தான் சவரம் பண்ணணும். இனிமே பாருங்க, இனிக்கவே இனிக்காது. கோளாறு எங்க இருந்துச்சுன்னு இப்பப் புரியுதா?"

உறை கவிழ்ந்தது. பனி இறங்கியது. இடத் தாடைப் பக்கமிருந்து நாக்கின் ஓரத்துக்கு அந்தச் சுவை வந்து சேர்ந்தது.

காலையில் பழகிய வார்த்தை தொண்டையில்தான் இருந்தது. ஆனால் அதை இப்போது சொன்னால், ரேசர் மாறியதால் முகமூடி சரியாகிவிட்டது என்று ஏட்டில் ஏறும். பதினாறு நாள் அவரும் மனைவியும் கண்டுபிடித்ததை அவர் வாயாலேயே பொய்யாக்கியதாகும். இனி இங்கே மூச்சுத் திணறுகிற ஒவ்வொருவனையும் பார்த்து, நீ ஒழுங்காகச் சிரைக்கவில்லை என்று சொல்வார்கள்.

"இனிக்குதா?"

"இனிக்குது சார்."

அதிகாரியின் முகம் சுருங்கியது. சர்க்கரை உறையை நீக்கி, காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். ரப்பர் வளைந்த இடத்தைக் காட்டினார். நீங்களும் ஒருமுறை இதைப் போட்டுப் பாருங்கள் சார், உங்கள் முகத்திலும் முள் இல்லை என்றார். அதிகாரி முகமூடியைக் கையில் வாங்கவில்லை. தாளைப் பார்த்த பார்வை, யாரோ வீட்டு மளிகைச் சீட்டைப் பார்ப்பதுபோல இருந்தது.

"மத்தப் பதினேழு பேருக்கும் இதுவரைக்கும் இனிச்சதே இல்லையே. அப்ப கோளாறு யாருகிட்ட?"

பதினேழு பயம் சேர்ந்தால் ஒரு உண்மை ஆகிவிடும் என்பது அலுவலகக் கணக்கு.

வரிசையில் அடுத்து நின்றவர் மொழுமொழு. சர்க்கரை அவரையே பார்த்தார். உறை கவிழ்ந்தது, பனி இறங்கியது, கேள்வி வந்தது. மொழுமொழு கண்ணை மூடிக்கொண்டு "இனிக்கல" என்றார்.

முகமூடி, கையுறை, அலமாரிச் சாவி. மூன்றையும் ஒப்படைத்துவிட்டு சர்க்கரை வெயிலில் நடந்து வீடு வந்தார். அந்த நேரத்துக்கு அவர் வந்ததே மனைவிக்குப் பதில். கதவை ஒருக்களித்துவிட்டு, மனைவி உள்ளே போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினார்.

பதினைந்து நாளாக அவர் சவரம் செய்யவில்லை. கட்டிகள் ஆறிவிட்டன. முகம் இவ்வளவு நன்றாக இருந்து பல வருடமாயிற்று. ஏறி இறங்கிய ஐந்து இடத்திலும் முன்பு வேலை செய்த இடத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். முகம் என்று அவர் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எந்த ரேசர் மாமா நல்லது என்று மைத்துனர் ஒருநாள் கேட்டார். ரெண்டும் நல்ல ரேசர்தான் மாப்ளே என்றார் சர்க்கரை.

ஒரு சாயங்காலம் வாசலில் மொழுமொழு நின்றார். உள்ளே வரவில்லை. தூசி ஒட்டிய சட்டையோடு, படியில் ஒரு கால் வைத்து இருமினார். அந்த இருமலைச் சர்க்கரைக்கு அடையாளம் தெரிந்தது. தன் மேசையில் தனக்கு முன் நின்றவரின் இருமல்.

"என்ன, ரேசர் வேணுமா?" என்றார் சர்க்கரை. வேண்டுமென்றே குத்தினார்.

"எனக்கு எதுக்குண்ணே ரேசர்? அந்தத் தாளைக் குடுங்க."

சர்க்கரை அசையவில்லை. அவர் மனைவிதான் உள்ளேயிருந்து தாளை எடுத்து வந்தார். மொழுமொழு அதைக் கதவின் மேல் வைத்து விரித்தார். கட்டங்களுக்குக் கீழே, கடைசி வரியில், சோதனைக்கு முந்தின நாள் சர்க்கரை எழுதியிருந்தார்: மொழுமொழு, தாடி இல்லை. அதற்கு நேராக இருந்த கட்டம் காலியாகவே இருந்தது.

மொழுமொழு சட்டைப் பையிலிருந்து பலகையில் கோடு போடும் தடித்த பென்சிலை எடுத்தார். எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது.

இனிக்குது.

கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு இன்னும் நாலு பேரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் எழுதுவார்களா என்று சர்க்கரை கேட்டார். தெரியாது என்றார் மொழுமொழு. இறங்கிப் போகும்போது முனை திரும்பும் இடத்தில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டுத்தான் நடந்தார்.