தொண்டைக்குழியில் இரண்டு விரல்

சாயங்காலச் செய்தியில் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வருமே, அதற்குள் கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தி நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருப்பாளே, அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். உங்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். எங்கே மழை, யார் ஆட்சி கவிழ்ந்தது என்று பெரிய பெட்டியையே பார்க்கிறவர்களுக்கு அந்தச் சின்னப் பெட்டி எங்கே கண்ணில் படப்போகிறது? ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை மூலையக்கா என்பார்கள். அவளுடைய அம்மா வைத்த பேர் வேறு. அது வாயால் கூப்பிடும் பேர் இல்லை. கன்னத்தில் ஒரு விரலை வைத்து லேசாகத் திருகினால் அவள் என்று அர்த்தம், சிரித்தால் அந்த இடத்தில் குழி விழும் என்பதால்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டியவர். மற்றவர்களுக்கு மண்டையைப் பிளக்கிற சத்தம், அவருக்கு ஒன்றுமில்லை. அம்மா துணி ஆலையில் சட்டைக்குப் பொத்தான் துளை போட்டவள். சொந்தக்காரர்கள் அவளை ‘பாவம், வாயில்லாப் பூச்சி’ என்பார்கள். பூச்சியாவது! அம்மா கையை வீசிச் சண்டை போட்டால் எதிரே நிற்கிறவன் நாலடி பின்னால் போவான். மகளுக்குக் காது நன்றாகக் கேட்டது. அதனால் பால் பல் விழுவதற்கு முன்பே அவள்தான் வீட்டுக்கு வாய். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, “உங்க பொண்ணு வகுப்புல ஓயாம பேசிக்கிட்டே இருக்கா” என்று குறை சொன்னபோது, அதை அம்மாவுக்குச் சொல்லவேண்டியவளும் அவளே. ‘உங்க பொண்ணு ரொம்ப நல்லா பேசறாளாம்’ என்று கையால் சொன்னாள். அம்மா பூரித்துப்போய் டீச்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். டீச்சர் பேய் அறைந்தவள்போல நின்றாள்.

அப்படி விளையாடியது அந்த வயதோடு சரி. அப்பாவின் ஈரல் முற்றிலும் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது, அதையும் அவர் முகத்தைப் பார்த்து அவள்தான் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அப்பா அவள் சொல்லி முடிக்கும்வரை பார்த்தார், ‘சரி’ என்றார். அன்றைக்கே இந்த வேலைதான் தனக்கு என்று ஆகிவிட்டது அவளுக்கு. மொழிபெயர்க்கிறவள் நடுவில் இருக்கக்கூடாது, கண்ணாடிபோல இருக்கவேண்டும் என்று பின்னால் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கு அது தெரிந்த விஷயம்.

இனி, கையால் பேசியதையெல்லாம் வாயால் பேசியதுபோலத்தான் எழுதப்போகிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மூலையக்கா நகரத்தின் மறுகோடியில் ஒரு ரொட்டிக்காரியோடு ஒரே வீட்டில் இருந்தாள். வருஷக்கணக்காக. வாடகையில் பாதி மிச்சம் என்பது அம்மாவுக்குச் சொல்லப்பட்ட காரணம். ரொட்டிக்காரி பேக்கரியில் விடியலுக்கு முன்பே மாவு பிசையப் போய்விடுவாள். எவ்வளவு கழுவினாலும் முழங்கையில் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். அம்மாவே அவளுக்குப் பேர் வைத்தாள், முழங்கையைத் தட்டிவிடுவதுபோல ஒரு சைகை. நாமும் மாவு என்றே சொல்லலாம். அம்மாவோடு பேசுவதற்காகவே மாவு கைமொழி கற்றுக்கொண்டாள். அம்மா முதலில் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் கெட்ட வார்த்தை. மாவு அதை உண்மை என்று நம்பி, பக்கத்து வீட்டுக் காதுகேளாத கிழவரிடம் ‘வணக்கம்’ என்று நினைத்து வேறு எதையோ சொல்ல, அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மாவு வராத ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த மாவு பக்கத்தில் இருக்கும்போதுதான் ஒருநாள் டிவி தொடரில் இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டே ஒரு சைகை செய்தாள். அப்படிப்பட்ட பெண்களைச் சொல்ல இருக்கிற பழைய சைகை அது. அசிங்கமானது. எப்படியென்று நான் விவரிக்கமாட்டேன், என் பேனா கூசுகிறது. அந்த மொழியில் அதற்கு அது ஒன்றுதான் இருந்தது. ‘மனைவி’ என்று சொல்லலாமே என்பீர்கள். மனைவி என்று சொல்ல ஒரு கை ஆணாகவும் ஒரு கை பெண்ணாகவும் ஆகவேண்டும், அந்த மொழி அப்படி. அம்மா சிரித்ததைப் பார்த்து மாவும் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் மாவு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இன்னொரு சொல்லும் இருந்தது. ஆனால் அது அகராதியில் இல்லாதது. அப்பா கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவுக்காக உண்டாக்கியது. இரண்டு விரலைத் தன் தொண்டைக்குழியில் வைப்பார், பிறகு விரல்களை அம்மா பக்கம் திருப்புவார். உன்னைப் பார்த்தால் எனக்கு இங்கே துடிக்கிறது என்று அர்த்தமாம். ஆலை வாசலில் அம்மாவை முதலில் பார்த்தபோது அந்த இடத்தில் நாடி குதித்ததைத் தொட்டுக் காட்டினாராம், அதுவே சொல்லாகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரையும் தவிர அதை அறிந்தவள் மகள் ஒருத்திதான். அவள் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? மாவு வேலைக்குக் கிளம்பும்போது, தூக்கக் கலக்கத்தோடு, தினமும் அதைச் செய்தாள். மாவும் திருப்பிச் செய்வாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல வருஷம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பெண்கள் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மற்றவளை உள்ளே விடவில்லை என்பது வழக்கு. தீர்ப்பு செய்தி நேரத்திலேயே வந்துவிட்டது. முன்கூட்டிப் படித்துப் பார்க்க அவகாசமில்லை. செய்தி வாசிப்பவர் கிடுகிடுவென்று வாசித்தார்: “இந்த இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் வாழ்க்கைத் துணைதான் என்று நீதிமன்றம் இன்று தீர்ப்பளித்தது.” கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். மூலையக்காவுக்குக் கை ஓடாவிட்டால் பிழைப்பே இல்லை. பழைய சைகைக்கு விரல்கள் மடங்கத் தொடங்கின. ‘சீ’ என்றது மனசு. அடுத்த நொடி அவளுடைய இரண்டு விரலும் தொண்டைக்குழியில் இருந்தன. அப்பாவின் சொல்லை ஊர் உலகத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு, அடுத்த செய்தியான வெள்ளத்துக்குப் போய்விட்டாள். அம்மாவின் நினைவு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் அம்மா தன் பழைய ஆலைத் தோழிகளைக் கூட்டிவைத்துக்கொண்டு, ‘என் மக, பாருங்க’ என்று டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

ஸ்டுடியோவிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனாள். தோழிகள் போய்விட்டிருந்தார்கள், நாற்காலிகள் போட்டபடி கிடந்தன. அம்மா உட்காரச் சொல்லவில்லை.

“அது யாரோட சொல்லு?”

“அப்பாவோடது.”

“யாருக்காகச் செஞ்சாரு?”

“உனக்காக.”

“அப்புறம் எதுக்கு அதைத் தூக்கி அந்தப் பொம்பளைங்களுக்குக் குடுத்த? இருக்கறதே எனக்கு அவரு விட்டுட்டுப் போன அந்த ஒண்ணுதான். நாளைக்குத் தெருவுல போறவ வர்றவ எல்லாம் அதைச் செய்வா. இப்பவே ஒருத்தி கேட்டா, புதுசா இருக்கே, அழகா இருக்கே, எங்க கத்துக்கிட்டா உன் மகன்னு.”

“வேற நல்ல சொல்லு இல்லம்மா. இருக்கறது அசிங்கமா இருக்கு.”

“அசிங்கத்தை அசிங்கமாத்தான் சொல்லணும்.”

அம்மா மகளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் துளையில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

“யோசிச்சுச் செஞ்ச கை இல்லை அது. தடுமாறவே இல்லை. தினமும் செஞ்சு பழகின கை.” அம்மாவின் விரல்கள் மெதுவாக அசைந்தன. “யாருக்குச் செய்யறே?”

பொய் சொல்லியிருக்கலாம். டீச்சர் விஷயத்தில் சொன்னவள்தானே? ஆனால் அப்பாவிடமே பொய் சொல்லாத கை, இப்போதும் பொய்க்கு வரமாட்டேன் என்றது. அவள் தன் முழங்கையைத் தட்டிவிட்டாள். மாவு.

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் கையை எடுத்தாள். “என் வீட்டுல சாப்பிட்டாளே. நான் பேரு வச்சேனே அவளுக்கு.” அழுதாள். மகள் கிட்டே போனாள். அம்மா தள்ளிவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சந்தையில் பேரம் முடிக்கிறவள்போலச் சொன்னாள்: “நாளைக்கும் இந்தச் சேதி வரும். பழைய சைகையைப் போடு. நேத்து கை தவறிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுப்பாங்க. நானும் நினைச்சுக்கறேன். எனக்கு எதுவும் தெரியாது, நீ எதுவும் சொல்லலை. அவ வழக்கம்போல ஞாயித்துக்கிழமை வரட்டும், சாப்பிடட்டும். மறுபடி அந்தச் சொல்லைச் செஞ்சேன்னா, எனக்கு மகளே இல்லை.”

வீட்டுக்கு வந்து மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாவு சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பழசையே போட்டுடு,” என்றாள்.

“அது என்ன அர்த்தம்னு தெரியும்ல உனக்கு?”

“தெரியாம என்ன? உங்கம்மாதானே எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “நான் அடுப்புல வெந்த உடம்பு, எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு நொடிச் சைகைடி அது. அதுக்காக அம்மாவை விடுவாங்களா? எனக்கு அம்மா இல்லை, இருக்கறவங்களையும் போக்கிடாதே.” அப்புறம் ஏற்கனவே கழுவிவைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள்.

மறுநாள் மூலையக்கா பழைய சைகையைப் போடுவது என்று முடிவுசெய்துகொண்டுதான் ஸ்டுடியோவுக்குப் போனாள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் போனாள். அன்றைய செய்தி, இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் ஒரு படத்துக்கு எதிராகத் தியேட்டர் வாசலில் கூட்டம் கூடி போஸ்டரைக் கிழித்தது பற்றி. பெரிய பெட்டியில் ஒருவன் கிழித்த காகிதத்தில் இருந்த முகத்தைச் செருப்பால் மிதித்துக்கொண்டிருந்தான். செய்தி வாசிப்பவர் ‘இரண்டு பெண்களின் காதல்’ என்ற இடத்துக்கு வந்தார். அவளுடைய கை எழும்பியது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், பேக்கரியின் சின்ன டிவி முன்னால், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், மாவு நின்றுகொண்டிருப்பாள் என்று தெரியும். தன்னைப் பற்றி அந்த அசிங்கத்தைச் சொல்லச்சொல்லி அனுப்பிவிட்டு, அது எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நிற்பாள். அம்மாவும் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரே கையைப் பார்க்கிறார்கள். மாவை நோக்கி அந்தச் சைகையைச் செய்ய அவளால் முடியவில்லை. அவ்வளவுதான், வேறு பெரிய வீரம் ஒன்றுமில்லை. இரண்டு விரலைத் தொண்டைக்குழியில் வைத்தாள், காமிராவின் பக்கம் திருப்பினாள்.

செய்தி முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக அம்மா வீட்டுக்குப் போனாள். மணியை அழுத்தினால் அந்த வீட்டில் சத்தம் வராது, விளக்கு எரியும். அழுத்திக்கொண்டே நின்றாள். அம்மா கதவைத் திறந்தாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

காது கேட்கிறவர்கள் கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அப்போதும் காதில் ஏதாவது விழும். இவள் கண்ணை மூடினால் முடிந்தது கதை. ‘அம்மா, பாரு’ என்று மகள் கையை ஆட்டினாள். காற்றில் ஆட்டியதுதான் மிச்சம். அம்மாவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் எழுதப் பார்த்தாள், அம்மா இரண்டு கையையும் உருவி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மகள் தரையைக் காலால் ஓங்கி மிதித்தாள். அதிர்வு அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது, இமை நடுங்கியது, மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வந்தது. ஆனால் திறக்கவில்லை.

“அம்மா!”

வாயால் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து அம்மாவை வாயால் கூப்பிட்டதே இல்லை, கூப்பிட்டு என்ன பயன்? அந்தச் சொல் தன் வாயில் எப்படி ஒலிக்கும் என்பதே அவளுக்குத் தெரியாமல் இருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரர் துண்டோடு வெளியே வந்து, “என்னாச்சும்மா?” என்றார். மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “அம்மா! அம்மா!” என்று அவள் கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டது.