எங்கள் போரில் பிளீச்சிங் வாடை

இன்று காலை அரிசி களையும்போது எங்கள் போர்வெல் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடித்தது. வீட்டில் யாரும் தொட்டியில் எதுவும் போடவில்லை.

மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். அவர்கள் செப்டிக் டேங்க் தண்ணீர் இறங்கும் உறைக்குழி மதிலை ஒட்டித்தான் இருக்கிறது.

"நேத்து மழைல குழி ரொம்பி வழிஞ்சிதும்மா. கிருமி சாவட்டும்னு ஒரு மூட்ட பிளீச்சிங் அப்படியே கொட்டிட்டேன். இப்ப நாத்தம் இல்லியே?"

"எங்க போர்ல அந்த வாடை வருதுண்ணா."

அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப இன்னா, உங்க தண்ணியும் சுத்தமாயிடுச்சின்னு சொல்லு!"

நேற்றுக் கொட்டியது இன்று என் அரிசிப் பானைக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடமாக, வாடையே இல்லாமல், அந்தக் குழியிலிருந்து என்னவெல்லாம் வந்திருக்கும்?

என் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோதெல்லாம் மூலக்குளம் முனையில் நிற்கும் பானிபூரிக்காரரைத்தான் திட்டினேன்.

அரிசியைக் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் போருக்கும் பக்கத்து வீட்டுக் குழிக்கும் எத்தனை அடி? அளந்து சொல்லுங்கள். அந்தப் பக்கம் போனால், பானிபூரிக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லுங்கள்.