வேண்டுதல் இல்லாத சைக்கிள்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை டீக்கடை ஓரமாகச் சைக்கிளை நிறுத்துகிறேன். செங்கத்திலிருந்து மிதித்து வந்த வியர்வை இன்னும் அடங்கவில்லை. கடைக்கார அம்மா கேட்காமலே சர்க்கரை இல்லாத டீயை நீட்டுகிறார்.

"டாக்டர் ஓட்டச் சொன்னாரா? இல்ல, வேண்டுதலா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை சைக்கிள் மிதித்தால் ஒன்று நோய், இல்லாவிட்டால் நேர்த்திக்கடன். ஆசை என்று ஒன்று இருக்கவே கூடாதா?

"ரெண்டும் இல்லீங்க. இறக்கத்துல காத்து மூஞ்சில அடிக்குது பாருங்க, அதுக்குத்தான் ஓட்டுறேன். சர்க்கரை ஜாஸ்தியா போடுங்க!"

அவருக்கும் என் வயதுதான் இருக்கும். சர்க்கரையைப் போட்டுவிட்டு சைக்கிளையே பார்க்கிறார்.

"கடைய கொஞ்சம் பாத்துக்குங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுறேன்."

முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி மிதிக்கிறார்.

கிரிவலம் நடந்து வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறார்: "அந்தம்மாவுக்கு என்னங்க வேண்டுதல்?"