நடீன் வீட்டில் பட்டினி கிடந்த பெர்ல்

நடீன் பரிமாறிய தட்டை யாரும் ஒதுக்கி வைத்ததில்லை. ஓக்லஹோமாவில், பாங்கா சிட்டியின் ஒரு தொடக்கப் பள்ளியில் சாப்பாட்டுக்கூடம் அவள் பொறுப்பு. அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். தேவாலய விருந்தென்றால் அவள் கொண்டுபோகும் கோழிச்சாறுப் பானைதான் முதலில் காலியாகும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் பெர்ல் பட்டினி கிடந்தாள்.

பெர்ல் ஒரு பாம்பு. மலைப்பாம்பு இனம்தான், ஆனால் குட்டை. பயந்துவிட்டால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். நடீனின் இரண்டாவது கணவன் வெர்லன் கல்யாணமாகி அவள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பெட்டி, ஒரு தூண்டில், இந்தப் பாம்பின் கண்ணாடித் தொட்டி, இவ்வளவோடுதான் வந்தான். "முதல் பொண்டாட்டி போயும் இவ போகல" என்று தொட்டியைக் காட்டிச் சிரித்தான். நடீனும் சிரித்தாள். கல்யாணமான புதிதில் எதற்குத்தான் சிரிக்க மாட்டோம்?

வீடு மாறியதும் பெர்ல் வாயை மூடிக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு எலி சாப்பிட்டவள், எலியைக் கண்டாலே தலையைத் திருப்பினாள். வெர்லன் பதறிப்போனான். அவன் உடைந்த கார்க் கண்ணாடிகளை மாற்றுகிறவன். வேலையில் கையைக் கிழித்துக்கொண்டு வந்தால்கூட ஒரு துணியைச் சுற்றிவிட்டுப் பேசாமல் இருப்பான். பாம்பு விஷயத்தில் மட்டும் அவனுக்கு உயிரே போய்விடும். வேலை விட்டு வந்ததும் தையல் அறை ஜன்னலோரம் இருந்த தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் உறைந்து கிடந்த எலியை எடுத்து, குளியலறையில் நின்று அவன் சூடுபண்ணுவதை ஒரு நாள் நடீன் பார்த்தாள்.

"வெர்லன், அது என்னோட ஹேர் டிரையர்."

"தெரியும் நடீன். எலி ஜில்லுன்னு இருந்தா அவ தொடமாட்டா. ரெண்டே நிமிஷம்."

"இனிமே அதை நான் தலையில வைப்பேன்னு நினைக்கிறியா?"

"புதுசு வாங்கித் தரேன். கொஞ்சம் மெதுவாப் பேசேன், அவ பயப்படறா."

மெதுவாகப் பேச வேண்டுமாம், தன் வீட்டில், ஒரு பாம்புக்காக! நடீன் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள். அன்றைக்குத் தையல் அறையிலிருந்து அவன் குரல் கேட்டது. "ஒரு வாய் சாப்பிடும்மா. என் ராசாத்தி இல்ல?" ராசாத்தி! இவளைக் கட்டியவன் இவளை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நடீனுக்கு வயிறு எரிந்தது. பாம்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்ற வெட்கமும் வந்தது. ஆனால் வெட்கம் வந்ததால் பொறாமை போய்விடவில்லை.

அதற்கடுத்த வாரம், ஞாயிறு விருந்துக்காக எடுத்துவைத்த கோழிச்சாற்றில் ஒரு எலி மிதந்தது.

"கோழி வாசனைக்கு வாயைத் திறக்கும்னு ஷெல்பி சொன்னா" என்றான் வெர்லன், இடுக்கியும் கையுமாக.

"யாரு ஷெல்பி?"

"பாம்பு வளர்க்கிறவங்க சங்கத்துல இருக்கா. பக்கத்து ஊர் பிளாக்வெல்லுக்காரி. எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரப் பாம்பையும் சாப்பிட வெச்சிடுவா."

கத்துவதற்கு நடீன் வாயைத் திறந்தாள். அதற்குள் எலியை அவன் தொட்டிக்குள் நீட்டிவிட்டான். ஊரே கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிக்கிற அந்தச் சாறு எலியின் வாலிலிருந்து சொட்டியது. பெர்ல் நாக்கை நீட்டி ஒரு முறை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். சாறு வீணானதைவிட அதுதான் நடீனுக்கு உறைத்தது. அவள் கைமணத்தை முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொன்ன முதல் ஜீவன் அது.

அன்றிலிருந்து ஷெல்பி புராணம்தான். சாப்பாட்டு மேஜையில் ஷெல்பி, போனில் ஷெல்பி. அவளோடு பேசும்போது வெர்லனின் குரல் குழைந்தது. "சரி ஷெல்பி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." இதே மனிதனிடம் கூரை ஒழுகுகிறது என்று நடீன் சொன்னால், போய்ப் பார்க்காமல் நம்பமாட்டான்.

பெர்லின் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்ததும் ஷெல்பியே நேரில் வந்தாள். விவாகரத்தானவள், வாட்டசாட்டமானவள், வாயெல்லாம் பல். வந்த வேகத்தில் பெர்லைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பாம்பும் அவள் கழுத்தைச் சுற்றிச் சுகமாகப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற வெர்லனின் முகத்தை நடீன் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி மலரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நியாயமான நினைப்பில்லைதான். பொறாமைக்காரிக்கு நியாயம் எதற்கு?

"பாவம்டா, எலும்பும் தோலுமா இருக்கா" என்றாள் ஷெல்பி. "தப்பா எடுத்துக்காதீங்க நடீன், இந்த வீட்டுல அவளுக்கு நிம்மதி இல்ல போலிருக்கு. எங்கிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். வெர்லன், நீ சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பாத்துக்கோ."

"வராம இருப்பேனா!" என்றான் அவன்.

நடீனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தொட்டி போகும், எலி போகும், தையல் அறை திரும்பக் கிடைக்கும். ஆனால் அவள் மனம் அங்கே நிற்கவில்லை. சனிக்கிழமைதோறும் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு பிளாக்வெல்லுக்கு வண்டியெடுக்கும் வெர்லன்தான் கண்ணுக்குள் வந்து நின்றான். ஒரு சக்களத்தியைத் துரத்தப் போய் இன்னொருத்தியிடம் கணவனை அனுப்பிவைப்பதா? பெர்ல் இந்த வீட்டில் சாப்பிட்டே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பிட வேண்டும்.

வியாழக்கிழமை மாலை வெர்லன் பவுலிங் ஆடப் போனதும் நடீன் ஒரு எலியைப் பைக்குள் போட்டு வெந்நீரில் வைத்துச் சூடாக்கினாள். இடுக்கியால் பிடித்துத் தொட்டிக்குள் நீட்டினாள். பெர்ல் பந்தாகிவிட்டாள். எலியை வைத்துவிட்டு வெளியே வந்தவள், உடனே போய் எட்டிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். மூன்றாவது தடவை தொட்டியைத் தட்டியே பார்த்தாள்.

"தின்னு தொலையேண்டி! உன்னைத் தலையில தூக்கி வெச்சுக் கூத்தாடறாங்களே, ஒரு எலி திங்கத் தெரியாதா?"

எலி குப்பைக்குப் போனது.

மறுநாள் பள்ளியில், புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "ஒரே ஒரு வாய்" என்று ஆசிரியை அவள் வாயையே பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வாய் இன்னும் இறுகியது. நடீன் ஆசிரியையை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, குழந்தையைச் சுவரோரத்து மேஜைக்கு மாற்றினாள். தட்டை வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். இது அவள் தினமும் செய்வதுதான். கொஞ்ச நேரத்தில் பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது.

துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. வெளிச்சமான ஜன்னல், அதற்கு முன்னால் நாற்காலி, அதில் உட்கார்ந்து வாயையே பார்த்துக் கெஞ்சுகிற வெர்லன். அட பைத்தியக்காரா!

சனிக்கிழமை வெர்லன் தம்பிக்கு வேலி போட்டுக்கொடுக்கப் போனான். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் நடீன் தொட்டியை ஜன்னலிலிருந்து சுவர் மூலைக்குத் தள்ளினாள். தொட்டிக்குச் சூடு தரும் விளக்கையும் பக்கத்தில் நகர்த்தி, சூடு குறையாமல் பார்த்துக்கொண்டாள். காலணி வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து உள்ளே வைத்தாள். பெர்ல் அதற்குள் நுழைந்துகொண்டாள். சூடான எலியை ஓட்டை வாயில் வைத்துவிட்டு, தொட்டிமேல் தன்னுடைய பழைய குளியல் அங்கியைப் போர்த்தினாள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.

திரும்பிப் பார்க்காமல் இருக்கிற வேலை உருளைக்கிழங்கைவிடப் பெரிய வேலையாக இருந்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. ஷெல்பியின் பல்லை நினைத்துக்கொண்டு கிழங்கை உரித்தாள். தேவைக்கு மேல் உரித்தாள். பிறகுதான் பின்னால் அட்டைப்பெட்டி 'தொப்'பென்று ஆடியது.

அங்கியை ஒரு ஓரம் தூக்கினாள். பெர்லின் வாயிலிருந்து ஒரு வால் மட்டும் தொங்கியது.

"சாப்பிட்டியாடி!" என்று கிசுகிசுத்தாள் நடீன். "சாப்பிட்டியா, என் தங்கமே!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரைக் கொஞ்சினோம் என்று புரிந்ததும் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

வெர்லன் வந்ததும் அவனை அழைத்துப்போய்த் தொட்டியைக் காட்டினாள். அவன் பெர்லின் புடைத்த வயிற்றைப் பார்த்தான், பிறகு நடீனைப் பார்த்தான். "நீயா?" என்றான். சந்தோஷம்தான் போலிருக்கிறது என்று நடீன் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று ஷெல்பி பெட்டியோடு வந்தாள். உள்ளே நுழைந்ததும் தொட்டிப் பக்கம் போனவளை நடீன் மறித்துக்கொண்டாள். "நேத்துதாங்க சாப்பிட்டா. சாப்பிட்ட பாம்பைத் தூக்கினா கக்கிடும். உங்களுக்குத் தெரியாததா?"

ஷெல்பி வாய்விட்டுச் சிரித்தாள். "அடேங்கப்பா! எப்படிங்க சாப்பிட வெச்சீங்க? எனக்கும் சொல்லுங்க" என்று உண்மையாகவே கேட்டாள். நடீன் சுட்டுக் கொடுத்த 'ஆப்பிள் பை' என்ற இனிப்பில் இரண்டு துண்டு சாப்பிட்டாள். போகும்போது, "உன் பொண்டாட்டி கெட்டிக்காரி, வெர்லன். இனிமே என் வேலை இங்க இல்ல" என்றாள். அவள் மனதில் ஒன்றும் இருந்ததில்லை என்று நடீனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் வெந்தது வீணா என்று சிறிது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வெர்லன் தானே எலியை நீட்டினான். பெர்ல் திரும்பிக்கொண்டாள். மறுநாள் நடீன் வைத்தாள், பெர்ல் சாப்பிட்டுவிட்டாள். அதற்கடுத்த வாரமும் அதே கதை.

அன்று மாலை வெர்லன் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்னாச்சு? உப்பு ஜாஸ்தியா?"

"பசிக்கல."

"உனக்குப் பிடிச்ச கோழிதானே?"

"இத்தனை வருஷம் வளர்த்தவன் நான். நேத்து வந்தவ நீ வெச்சா திங்கறா." அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக உடைந்தது. "உன்னை என்ன சொல்றது. விடு."

நடீன் அவன் முகத்தைப் பார்த்தாள். இறுகிய தாடை, தரையைப் பார்க்கிற கண். அது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சமையலறையிலேயே பல மாதம் அவள் அனுபவித்ததுதான். ஒரு கணம், நன்றாக வேண்டும் என்று இருந்தது. அது போனதும் அவன்மேல் அப்படியொரு பரிவு வந்தது.

ஒரு வாய் சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. தட்டை அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டு எழுந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள். கழுத்து திரும்பப் பார்த்தது, அவள் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது.