ஊர்ச்சாமியின் மூச்சு

பதுளை பஸார் வீதியில் மஹ்ரூபின் சில்லறைக் கடை என்றால் என் கடைதான். உள்மேசையில், சாமான் சுற்றுகிற பழைய பேப்பர் பறக்காமலிருக்க ஒரு கல் வைத்திருந்தேன். உள்ளங்கை அகலம். நத்தை மாதிரி சுருண்டு, மேலே வரிவரியாக மேடும், ஓரத்தில் சின்னச் சின்ன முடிச்சுமாக இருக்கும். ஐம்பது வருஷத்துக்கு முந்தி, இந்தியாவுக்குக் கப்பலேறப் போன யாரோ ஒரு தோட்டத்து ஆள், ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் அதை என் வாப்பாவின் கையில் திணித்துவிட்டுப் போனாராம். வாப்பா மேசையில் வைத்தார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு அது வெறும் கல்.

பொன்னையா, ஹாலிஎலைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள். என் கடைக்கு முப்பது வருஷ வாடிக்கை. வாசலோடு நின்று சாமான் வாங்கிக்கொண்டு போவார், உள்ளே எட்டிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது குடும்பம் இரண்டானது. அம்மாவின் பெயர் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப அரசாங்கம் போட்ட பட்டியலில் வந்தது, அப்பனின் பெயர் வரவில்லை. கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "ஊருக்குப் போறேன் ராசா, கடுதாசி போடுறேன்" என்று போனவள்தான். ஒரு கடுதாசி வரவில்லை. எந்த ஊர் என்று கேட்க அந்த வயதில் அவருக்குத் தோன்றவில்லை. அப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் "திருச்சிப் பக்கம்" என்ற இரண்டு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதன் குடித்தே செத்தான். திருச்சிப் பக்கம் என்றால் எத்தனை ஆயிரம் ஊர்! அதில் எந்த ஊரில் போய்த் தம்பியைத் தேடுவது?

தேடுவதற்கு அவரிடம் இருந்தது ஒரு கல். அவருடைய பூட்டன் காலத்தில், ஒரே கங்காணியின் கீழ், ஒரே ஊரிலிருந்து சில குடும்பங்கள் வந்தன. குலதெய்வத்தின் கோயிலில் பிடிமண் எடுப்பதுபோல, அந்த மண்ணில் கிடந்த சுருள்கல்லையும் வீட்டுக்கு ஒன்றாகத் துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள். காலப்போக்கில் சாமியின் பெயரும் மறந்துபோனது, ஊரின் பெயரும் மறந்துபோனது. கல்லுக்கு ஊர்ச்சாமி என்ற பெயர் மட்டும் நின்றது. ஆடி மாதத்தில் அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். பிழிந்ததும் கல் புசுபுசுவென்று நுரைக்கும். "சாமி மூச்சு விடுது!" என்று லயத்து வரிசை வீடுகளே விழுந்து கும்பிடும். மாரியம்மன்கூட இப்படி மூச்சு விட்டதில்லை என்று பொன்னையாவுக்குக் கொள்ளைப் பெருமை.

எந்த வீட்டில் கல் இருக்கிறதோ அந்த வீட்டில் ஊர்ப் பெயரும் இருக்கும் என்று அவர் நம்பினார். லீவு நாளெல்லாம் பஸ் ஏறினார். வெலிமடையில் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு குடும்பத்திடம் ஒன்று. மொனராகலைக்குக் கூலிக்குப் போனவர்களிடம் ஒன்று. ஆளில்லாமல் இடிந்த லயங்களின் சாமி மாடத்தில் நான்கு. தன்னுடையதோடு ஏழு. கல் கிடைத்த இடத்திலெல்லாம் ஒரே பதில்தான்: "ஊர் பேரு தெரியலைங்களே." முப்பது வருஷத்தில் அவர் சேர்த்தது ஏழு வழுக்கைக் கல். சுருள் இருந்த இடத்தில் ஒரு மங்கலான கோடு, அவ்வளவுதான்.

போன வருஷம் ஒருநாள் அந்த ஏழு கல்லையும் உரப்பையில் கொண்டுவந்து வாசலில் என் முன்னால் பரப்பி, படித்தவர்கள் யாருக்காவது இது எந்த ஊர்க் கல் என்று தெரியுமா என்று கேட்டார். என் தங்கை ஸகீனாவின் மகள் ஜெனீரா கெம்பஸில் பாறை, கல் எல்லாம் படிக்கிறாள். போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"மாமா, இது அம்மோனைட். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திக் கடல்ல இருந்த பிராணி, கல்லாப் போயிருக்கு. நம்மட மலையில எங்க தோண்டினாலும் கிடைக்காது. திருச்சிப் பக்கம் சில ஊர்கள்லதான் இருக்கு. அங்க கொலேஜ்ல படிப்பிக்கிற, எனக்குத் தெரிஞ்ச சேர் ஒருத்தர் இருக்கார். வரியையும் முடிச்சையும் பார்த்து, எந்த ஊர்ப் பள்ளத்துக் கல்லுன்னு சொல்லிருவார். ஆனா இதெல்லாம் தேய்ஞ்சு போச்சே."

வரி. முடிச்சு. என் கண் உள்மேசைக்குப் போனது. யா அல்லாஹ்! பேப்பரைத் தள்ளிவிட்டுக் கல்லை எடுத்துப் பொன்னையாவின் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். வரிவரியாக விரலை ஓட்டினார். அப்புறம் கடை வாசல் என்றும் பாராமல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

போனில் விஷயத்தைச் சொன்னதும், "ஞாயிற்றுக்கிழமை வாறேன், பத்திரமா வைங்க" என்றாள் ஜெனீரா. ஏழு வழுக்கையைப் போட்டோ எடுத்த கைக்கு இந்த எட்டாவதை எடுக்கத் தோன்றவில்லை. நேரில்தான் பார்க்கப் போகிறாளே என்று இருந்துவிட்டேன். அந்தப் புத்தியை எதால் அடிக்கிறது!

"அம்பது வருஷமாப் பட்டினி கிடந்த சாமி, மொதலாளி" என்றார் பொன்னையா. "ஞாயித்துக்கெழம வரைக்கும் எங்க வூட்டுல இருக்கட்டுங்க. வெறும் வயித்தோட எப்புடி அனுப்புறது?"

கொடுத்தேன். எலுமிச்சம்பழம் இருபது கேட்டார்.

"என்ன பொன்னையா, ஊறுகாய் போடப் போறீங்களா?" என்று சிரித்தேன். சாறு உள்ளதாக நானே பொறுக்கிப் போட்டேன். இந்தக் கையால்தான்.

ஞாயிற்றுக்கிழமை சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, மனைவி கருப்பம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். புதுத் துணியில் கல். ஜெனீரா ஆசையாக அவிழ்த்தாள். முகம் செத்துப்போனது.

"ஐயா, இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"நல்லாக் குளிப்பாட்டினேம்மா. மூணு நாளு எலுமிச்சைச் சாத்துலயே வச்சிருந்தேன். புளி போட்டுத் தேங்காத் தும்பால தேச்சேன். எவ்வளவு மூச்சுங்கிற! நிக்கவே இல்ல. இவ பயந்துட்டா."

"ஆமாங்க, வெளக்கேத்தி வச்சுக் கும்புட்டேன்" என்றாள் கருப்பம்மா.

கல் எட்டாவது வழுக்கையாக இருந்தது. வரி இல்லை, முடிச்சு இல்லை. ஜெனீரா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அது.

"ஐயா, இது சுண்ணாம்புக் கல்லு. புளிப்புப் பட்டாக் கரையும். அப்பதான் நுரை வரும்."

பொன்னையா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அது மூச்சு இல்லீங்களா?"

"இல்ல ஐயா."

"வருஷா வருஷம் எங்க பாட்டன், பூட்டன் எல்லாம்..."

கருப்பம்மா அந்தத் துணியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று தெரியவில்லை. பொன்னையாமேலா, எலுமிச்சம்பழம் கொடுத்த என்மேலா?

"மாமா, ஒரு போட்டோகூட எடுக்கலியா?"

என் போனில் பேரனின் போட்டோ முந்நூறு இருக்கிறது, கல்யாண வீட்டுப் புரியாணி இருக்கிறது. அந்தக் கல் இல்லை.

பொன்னையா என் மேசைக்கு வந்தார். முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் உள்ளே வந்தார்.

"மொதலாளி, நீங்க தெனம் பாத்த கல்லுதானே? வரைஞ்சு குடுங்க. அந்த சேருக்கு அனுப்பலாங்க. எந் தம்பிக்கு இப்ப அம்பத்தி ரெண்டு வயசு இருக்கும்."

பேனாவை எடுத்தேன். ஒரு சுருள் போட்டேன். வரி முன்பக்கம் வளைந்ததா, பின்பக்கமா? முடிச்சு ஒரு வரிசையா, இரண்டா? கடையை எடுத்து நடத்திய நாற்பது வருஷமும் அந்தக் கல்லைத் தூக்கித் தூக்கிப் பேப்பர் எடுத்தவன் நான். ஒரு நாளாவது பார்த்திருந்தால்தானே! கை நின்றுவிட்டது.

"அவ்வளவுதான் பொன்னையா" என்றேன். காகிதத்தை நீட்டினேன்.

சின்னப் பிள்ளைகூடப் போடக்கூடிய அந்த வெறும் சுருளை அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்லை மேசையில், பழைய பேப்பரின்மேல், அது இருந்த இடத்திலேயே வைத்தார். இருவரும் ஹாலிஎல பஸ்ஸுக்குப் போனார்கள்.