பக்கிக்கு வைத்த பொட்டு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் எந்த வேலையிலும் ஒட்டியதில்லை. கடம்பத்தூரில் சூளை, மீஞ்சூரில் கரி லாரி, எளாவூரில் பஞ்சர் கடை. கும்மிடிப்பூண்டி லாரி ஷெட்டில் மட்டும் கோடை தாண்டியும் இருந்தேன். ஒரு பக்கிதான் காரணம்.

ஷெட்டுக்குப் பின்னால் இரும்புக் கசடு கொட்டிய பொட்டல். பொழுது சாய்ந்தால் யாரோ சிமெண்ட் தரையில் கோலிக்குண்டைத் தவறவிட்ட மாதிரி அங்கே சத்தம் வரும்: டொக், டொக், டொக்டொக், டொர்ர். அதுதான் பக்கி, மைனா அளவே உள்ள ராப்பறவை. அலகு துளியூண்டு, ஆனால் திறந்தால் முகம் பூராவும் வாய். விளக்குக் கம்பத்தைச் சுற்றும் பூச்சிகளைப் பறந்தபடியே விழுங்கும். பகலில் சருகோடு சருகாகப் படுத்துவிடும்.

ஒருநாள் டிபன் டப்பா கழுவ அங்கே போனேன். காலடியிலிருந்து பக்கி எழும்பியது. கூடெல்லாம் இல்லை, வெறுந்தரையில் இரண்டு முட்டைகள். லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும் இடம் அதுதான்.

கயிறு கட்டினால் அறுத்துக்கொண்டு போவார்கள். டிரைவர்கள் எதன்மேல் வண்டி ஏற்றமாட்டார்கள் என்று யோசித்தேன். ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முட்டைகளுக்குப் பக்கத்தில் நட்டேன்.

அன்று வந்த முதல் லாரியே பிரேக் அடித்தது. ஆந்திரா லைன் ஓட்டும் அண்ணன் இறங்கிவந்தார்.

"இன்னா நைனா, எந்த அம்மா இது?"

"தெரியலண்ணா."

"இத்தினி நாளா இங்கதான் ரிவர்ஸ் எடுத்துகினு இருந்தேன்!" கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு எல்லா வண்டியும் சுற்றிக்கொண்டுதான் போயின. எலுமிச்சம்பழம் வந்தது, மாலை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே அண்ணன் தேங்காயோடு வந்து, கல்லின்மேல் உடைக்க ஓங்கினார்.

"அண்ணா, நில்லு! இந்த அம்மாவுக்குத் தேங்கா ஆவாது!"

"உனுக்கு எப்பிடிடா தெரியும்?"

அதற்குள் அவர் காலருகே பக்கி எழுந்தது. அடிபட்டதுபோல நடித்து, இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் குனிந்து முட்டைகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி! குருவிக்கா பொட்டு வச்ச? நான் கற்பூரம் வேற வாங்கினு வந்துகீறேன்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேங்காயை ஷெட் கேட்டில் உடைத்து எனக்கும் ஒரு பத்தை கொடுத்தார். மற்றவர்களிடம் மூச்சு விடவில்லை. "அம்மாவுக்கு ஹாரன் புடிக்காது" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

குஞ்சுகள் பொரிந்து, வளர்ந்து, பறந்துபோயின. நானும் பையைக் கட்டிக்கொண்டு, கல்லைப் பிடுங்கப் போனேன்.

"கைய வச்ச, ஒதைப்பேன்," என்றார் அண்ணன். "அடுத்த கோடைக்கு அது வந்தா எங்க போவும்?"

பையை இறக்கி வைத்தேன்.