இறக்கைக்கு ஏற்ற எடை

பெண் பார்க்க வந்தபோது என் மாமியார் சொன்ன ஒரே குறை, பொண்ணு தீக்குச்சியா இருக்கு என்பதுதான். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அதுவே எனக்குத் தகுதியாகிப் போனது. என் வீட்டுக்காரர் செய்துகொண்டிருந்த விமானத்தில் உட்கார அந்த வீட்டில் தோதான ஆள் நான்தான்.

சிவகாசியில் எங்களுக்குக் காலண்டர் அச்சகம். தை பிறந்தால் சீசன் முடிந்து குடோன் காலியாகிவிடும். மெக்கானிக்கல் படித்த மனுஷர் அங்கேதான் தன் கூத்தை ஆரம்பித்தார். மூக்கில் சுத்துற காத்தாடி வைத்துப் பறக்க எந்தப் பயலாலும் முடியும், பறவை மாதிரி இறக்கையை அடித்து ஆளைத் தூக்கணும், அதுதான் இன்ஜினியரிங் என்பார். கார்பன் குழாய், பேட்டரி, மோட்டார் என்று வந்து இறங்கின. ஒவ்வொன்றும் அவர் போட்ட கணக்கைவிடக் கனமாக இருந்தது. மோட்டாரை இளைக்க வைக்க முடியாது. என்னை முடியும்.

முதலில் பைண்டிங்கில் வேலை செய்கிற பெண்களிடம்தான் எடை கேட்டிருக்கிறார். ஊர் வாய்க்குப் பயந்த மாமியார், "வீட்லயே ஒண்ண வச்சுக்கிட்டு வெளிய எதுக்குலே தேடுற?" என்று என்னைக் காட்டிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து பேப்பர் பண்டல் நிறுக்கிற எடை மெஷினில் தினமும் காலையில் என்னை ஏற்றினார்கள். நாற்பத்திரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அன்றைக்கு வெறும் கஞ்சி. நான் தட்டை எடுத்தால் போதும், மொத்த வீடும் தன் சாப்பாட்டை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கும். கோழியைப் பட்டினி போட்டுப் பறக்கவிடுகிற வீடு இது ஒன்றுதான் என்று கொழுந்தனார் சிரிப்பார். சிரித்தாரே ஒழிய எனக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை.

குடோனில் என்னை உட்காரவைத்து இறக்கையை ஓட்டிப் பார்ப்பார். இறக்கை கீழே அடித்தால் இருக்கை என்னை மேலே தூக்கும். மேலே போனால் தொப்பென்று கீழே போடும். பல்லோடு பல் மோதும். காலண்டர் தலையில் அடிக்கிற தகரப்பட்டியை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஒடிந்துவிடும் இல்லையா, இறக்கையின் அடிமூட்டும் ஒவ்வொரு அடிக்கும் அப்படித்தான் மடங்கி நிமிர்ந்தது. இது அவருக்கும் தெரியும். மூட்டைக் கெட்டியாகப் போட்டால் கனம் கூடும், கனம் கூடினால் இன்னும் வேகமாக அடிக்கணும், வேகமாக அடித்தால் மூட்டு இன்னும் அடி வாங்கும். அதற்கு அவர் கண்ட ஒரே வழி என் வயிறு.

மாசியில், எம். புதுப்பட்டிப் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாயில் என்னை உட்காரவைத்து ஓட்டினார்கள். சொந்தக்காரர்கள் கார்களில் வந்து முறுக்கு தின்றுகொண்டு நின்றார்கள். தரையில் ஓடிய வண்டி இடுப்பு உயரம் எழும்பியது. கைதட்டினார்கள். அவர்கள் தட்டி முடிப்பதற்குள் இடது இறக்கை மூட்டோடு முறிந்து நான் குப்புற விழுந்தேன். மணிக்கட்டு ஒடிந்தது, முன்பல் இரண்டு போனது.

அவர் ஓடிவந்தார். குனிந்து, "நேத்து என்ன தின்ன?" என்றார்.

கஞ்சி என்றேன். நம்பவில்லை. லோடு வண்டியில் வந்திருந்த எடை மெஷினை இறக்கச் சொன்னார். வாயில் ரத்தம் ஒழுக, இரண்டு பேர் என்னைப் பிடித்துத் தூக்கி அதில் விட்டார்கள். பிடித்த கையை எடுத்ததும் நாற்பத்தொன்று காட்டியது. அப்போ மூட்டுதான் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். எல்லோரும் அவரைச் சூழ்ந்து தேற்றினார்கள். மாமியார் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்த வலியிலும் அவர் அழுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்றுதான் நின்றேன். பிறகு யாருக்கோ என் ஞாபகம் வந்து, கம்பெனி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து வந்தார், மாமியார் கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தோடு. கை எப்படி இருக்கு என்று கேட்பார் என நினைத்தேன். அந்த நப்பாசை அன்றைக்கும் எனக்கு இருந்தது. மூட்டைக் கெட்டியாக்கக் கணக்குப் போட்டுவிட்டாராம், கனம் ரெண்டு கிலோ கூடுகிறதாம்.

"அந்த ரெண்டு கிலோவ நீதான் கொறைக்கணும்" என்றார்.

பொட்டலத்தை இழுத்து ஒரு கையால் பிரித்தேன். நாலு இட்லி இருந்தது. சட்னி உதட்டுக் காயத்தில் பட்டு எரிந்தது. அவர் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல நாலையும் தின்றேன். தின்றுவிட்டு, கீழே கடையில் இன்னும் நாலு வாங்கிவரச் சொன்னேன்.